எண்ணிக்கையின் கதை – 17: பெட்டிக்குள் போன நிரல்

1982 மே 19. கேரளத்தின் பரூர் சட்டமன்றத் தொகுதியில் 84 வாக்குச்சாவடிகள். அவற்றில் 50-இல் அன்று வாக்குச்சீட்டு கிடையாது. பொத்தான்கள் வைத்த ஒரு பெட்டி இருந்தது. இந்தியாவில் ஒரு தேர்தலில் மின்னணு இயந்திரம் வாக்கு எண்ணியது அதுவே முதல்முறை. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சிவன் பிள்ளை 123 வாக்கு வித்தியாசத்தில் வென்றதாக அறிவித்தார்கள். எதிர்த்து நின்ற காங்கிரசின் ஏ.சி. ஜோஸ் வழக்குப் போட்டார். 1984 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த 50 சாவடிகளின் வாக்குப்பதிவை ரத்து செய்தது. இயந்திரம் தப்பாக எண்ணியது என்பதல்ல காரணம். சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமே இல்லை என்பதுதான். சீட்டு வைத்து மறுவாக்குப்பதிவு நடந்தது. ஜோஸ் வென்றார்.

சட்டத்தில் இடம் கிடைக்க 1988 டிசம்பர் வரை ஆயிற்று. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 61ஏ பிரிவைச் சேர்த்தார்கள். 1989 மார்ச் 15 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகும் அவசரம் காட்டவில்லை. 1998 நவம்பரில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், டெல்லியில் 16 தொகுதிகள். 2001 மே மாதம் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, மேற்கு வங்கம் ஆகியவற்றின் எல்லாத் தொகுதிகளும். 2004-இல் நாடு முழுவதும்.

அந்த 2001-இல்தான் பெட்டி பச்சைமலை ஏறியது. வண்ணாடு, தென்புறநாடு, கோம்பை ஆகிய மலை ஊராட்சிகள் திருச்சி மாவட்டத்தின் துறையூர் வட்டத்தில் இருக்கின்றன. மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர்கள். அப்போது அவை பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட உப்பிலியபுரம் தொகுதியில் இருந்தன. தொகுதி மறுவரையறையில் உப்பிலியபுரம் மறைந்து, மலை துறையூர் தொகுதிக்குப் போனது. மின்கலத்தில் ஓடும் இயந்திரம் என்பதால் மின்சாரம் வந்தாலும் போனாலும் மலைச் சாவடியில் வாக்குப்பதிவு நிற்காது.

இந்தப் பகுதியில் நான் தொடர நினைப்பது அந்தப் பெட்டிக்குள் இருந்த நிரலை. பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ யாரோ எழுதிய சில ஆயிரம் வரிகள், மலை மேல் உள்ள ஒரு பள்ளிக்கூட அறைக்கு, ஓர் எழுத்தும் மாறாமல் வந்து சேர்ந்தன என்று எப்படி நம்புவது? வந்து சேர்ந்த நிரல் எல்லோருடைய வாக்கையும் எண்ண வேண்டும், ஆனால் எவருடைய வாக்கையும் தெரிந்துகொள்ளக் கூடாது. இதை எப்படி உறுதி செய்வது? இன்று உலகம் முழுக்க மென்பொருள் நிறுவனங்கள் தலையை உடைத்துக்கொள்ளும் இரண்டு கேள்விகள் இவைதான். அப்டேட் என்ற பெயரில் வருவது எழுதியவர் அனுப்பியதுதானா? எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கு, யார் பயன்படுத்துகிறார் என்ற உளவாக மாறாமல் இருக்குமா? இந்தியத் தேர்தல் இந்த இரண்டையும் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டது. ஒன்றுக்குப் பாதி விடை கண்டது. இன்னொன்றில் கையில் இருந்த விடையைத் தவறவிட்டது.

முதல் கேள்விக்கு உழைத்தவர்களில் ஒருவர் நம் ஊர்க்காரர். எஸ். ரங்கராஜன், தமிழ்நாட்டுக்கு அவர் சுஜாதா. ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்து, அங்கேயே ஆண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்து, திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியலும், பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியலும் முடித்தவர். விமானப் போக்குவரத்துத் துறையில் சில காலம் இருந்துவிட்டு பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் சேர்ந்தார். (திருச்சியில் 'பெல்' என்றால் திருவெறும்பூர் பாய்லர் ஆலை, இது வேறு நிறுவனம்.) அங்கே வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பையும் உற்பத்தியையும் மேற்பார்த்த பொறுப்பு அவருடையது. இயந்திரத்தை அவரே கண்டுபிடித்தார் என்று மேடைகளில் சொல்வதுண்டு. அது சரியல்ல. ஹைதராபாத்தின் இ.சி.ஐ.எல். 1979-இலேயே ஒரு மாதிரியைச் செய்திருந்தது. 1980 ஆகஸ்ட் 6 அன்று தேர்தல் ஆணையம் அதைக் கட்சிகளுக்குக் காட்டியது. பம்பாய் ஐ.ஐ.டி.யின் வடிவமைப்பு மையமும் உழைத்தது. பெரிய கூட்டுவேலை அது. அதில் முக்கியமான ஓர் இடத்தில் சுஜாதா இருந்தார். அவருக்கு அந்தப் பெருமையே போதும்.

அந்தப் பொறியாளர்கள் எடுத்த முடிவுகளில் மூன்றைச் சொல்ல வேண்டும். இயந்திரத்துக்கு வெளியுலகத் தொடர்பு எதுவும் வைக்கவில்லை. இணையமும் இல்லை, கம்பியில்லாத் தொடர்பும் இல்லை. கட்டுப்பாட்டுக் கருவிக்கும் வாக்குப்பதிவுக் கருவிக்கும் நடுவே ஐந்து மீட்டர் கேபிள், அவ்வளவுதான். நிரலைச் சில்லில் ஒரே ஒரு முறைதான் எழுத முடியும். அப்டேட் செய்ய வழியில்லை. எனவே அப்டேட் வழியாக உள்ளே வரவும் வழியில்லை.

மூன்றாவது முடிவைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். நிரலுக்குக் கட்சி தெரியாது. முதல் பொத்தான், இரண்டாம் பொத்தான் என்ற எண் மட்டுமே தெரியும். வேட்பாளர் வரிசை, வேட்புமனு திரும்பப் பெறும் நாள் முடிந்த பிறகே உறுதியாகும். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள், மற்றப் பதிவுபெற்ற கட்சிகள், சுயேச்சைகள் என்று மூன்று பிரிவாக, ஒவ்வொன்றுக்குள்ளும் அகரவரிசையில். துறையூரில் மூன்றாவது பொத்தானில் இருக்கும் கட்சி லால்குடியில் முதல் பொத்தானில் இருக்கலாம். எந்த இயந்திரம் எந்தத் தொகுதிக்கு, எந்தச் சாவடிக்கு என்பதைக் கட்சிக்காரர்கள் முன்னிலையில் கணினிக் குலுக்கலில் இரண்டு கட்டமாக ஒதுக்குவார்கள். ஆலையில் உட்கார்ந்து நிரலில் கை வைப்பவனுக்கு, எந்தப் பொத்தானுக்குச் சாதகமாகத் திருத்துவது என்றே தெரியாது. செய்தவனையும் நம்பாமல் செய்த ஏற்பாடு இது. நல்லவன், கெட்டவன் என்ற ஆராய்ச்சிக்கே இடமில்லை.

இதற்குமேல் முதல்நிலைச் சரிபார்ப்பு, முத்திரை, ஸ்ட்ராங் ரூம் காவல், வாக்குப்பதிவு நாள் காலை முகவர்கள் எதிரில் குறைந்தது 50 வாக்குகளாவது போட்டுப் பார்க்கும் மாதிரி வாக்குப்பதிவு. பூத் ஏஜென்ட் வேலை பார்த்த எவருக்கும் இவை தெரியும்.

ஆனால் சில்லுக்குள் நிரல் எப்படிப் போனது? முந்தைய மாடல்களில் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றி வெளிநாட்டுச் சில்லு ஆலைக்கு அனுப்பி, அங்கே பொறித்து வாங்கினார்கள். இந்தியாவில் அந்த வசதி இல்லை. சங்கிலியில் பலவீனமான கண்ணி அதுதான். பரூர் தீர்ப்பு வந்த அதே 1984-இல், அமெரிக்காவில் கென் தாம்சன் தன் டூரிங் விருது உரையை அச்சில் வெளியிட்டார். யூனிக்ஸை உருவாக்கிய இருவரில் ஒருவர் அவர். மூல நிரலை வரி வரியாகப் படித்துக் குற்றமில்லை என்று உறுதி செய்தாலும் பயனில்லாமல் போகலாம் என்று அவர் காட்டினார். அந்த மூல நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்குள் களவு ஒளிந்திருந்தால், சுத்தமான எழுத்திலிருந்தே அழுக்கான நிரல் பிறக்கும். நீங்கள் படித்தது ஒன்று, ஓடுவது வேறொன்று.

அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள உலகுக்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 2020 டிசம்பரில் சோலார்விண்ட்ஸ் என்ற டெக்சாஸ் நிறுவனத்தின் கதை வெளிவந்தது. அவர்களுடைய ஓரியன் மென்பொருளின் அப்டேட் மார்ச் மாதத்திலிருந்தே நச்சு கலந்து போய்க்கொண்டிருந்தது. ஏறக்குறைய 18,000 வாடிக்கையாளர்கள் அதை இறக்கியிருந்தார்கள். அமெரிக்க அரசுத் துறைகளும் அதில் அடக்கம். நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பம் அசலானது. களவு நடந்தது கையொப்பத்துக்கு முன்னால், நிரலைத் தொகுக்கும் இயந்திரத்தில்.

2024 மார்ச் 29 இன்னும் நெருங்கிய அனுபவம். எக்ஸ்.இசட். என்ற, லினக்ஸ் உலகில் எங்கும் பயன்படும் சுருக்கு நிரலில் ஒரு பின்வாசல். 'ஜியா டான்' என்ற பெயரில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்ல பிள்ளையாக வேலை செய்து, பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்ற ஒருவர் வைத்தது. எல்லோரும் பார்க்கும் பொது நிரல் களஞ்சியத்தில் அந்தக் களவைத் தொடங்கிவைக்கும் வரிகள் இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டிய பொதியில் மட்டும் இருந்தன. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் உள்நுழைய அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, அதன் பின்னால் போய்ப் பிடித்தார். அவர் அந்த அரை விநாடியைப் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால், சில மாதங்களில் உலகச் சேவையகங்களில் பெரும்பகுதிக்கு அது போயிருக்கும்.

தொகுக்கும் இடத்தில் நடக்கும் களவுக்கு மருந்து உண்டு. டெபியன் என்ற லினக்ஸ் வகையை உருவாக்கும் தன்னார்வலர்கள் 2013 முதல் அதற்காகப் பாடுபடுகிறார்கள். ஒரே மூல நிரலை வெவ்வேறு இடங்களில், ஒருவரையொருவர் அறியாதவர்கள் தொகுத்தாலும், ஒரு பிட் கூட மாறாத ஒரே விளைவு வர வேண்டும். வந்தால், தொகுக்கும் இடத்தில் யாரும் கை வைக்கவில்லை. சோலார்விண்ட்ஸும் அடிபட்ட பிறகு தனித்தனிச் சூழல்களில் இணையாகத் தொகுத்து ஒப்பிடும் முறைக்கு மாறியது. இந்தியாவில் கணினிப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் 2024 அக்டோபரில், ஒவ்வொரு மென்பொருளும் எந்தெந்தக் கூறுகளால் ஆனது என்ற பட்டியலை வைத்திருக்க வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தாமதம்தான், ஆனாலும் சரியான திசை.

பெட்டிக்குத் திரும்புவோம். 2010-இல் ஹைதராபாத்தின் ஹரி பிரசாத், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஹால்டர்மன், நெதர்லாந்தின் ராப் கோங்ரைப் ஆகியோர் தலைமையிலான குழு ஓர் உண்மையான இந்திய இயந்திரத்தைத் திறந்து ஆராய்ந்தது. நிரலைத் தொடவே தேவையில்லை என்று அவர்கள் காட்டினார்கள். எண்ணிக்கை காட்டும் பலகையை மாற்றிவிட்டால், உள்ளே எண்ணியது ஒன்று, வெளியே தெரிவது வேறொன்று. அந்த இயந்திரம் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டு, ஆகஸ்ட் மாதம் ஹரி பிரசாத்தைக் கைது செய்தார்கள். குறை சொன்னவரைப் பிடித்துப்போட்டது பெரும் தவறு என்பது என் கருத்து. அவர் அதை ஒளித்து விற்கவில்லை. எல்லோருக்கும் எடுத்துச் சொன்னார்.

அந்த விவாதத்தின் விளைவுகளில் ஒன்றுதான், போட்ட வாக்கைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபாட். 2013 செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் தொகுதியில் முதலில் வந்தது. அடுத்த மாதமே, சுப்பிரமணியன் சுவாமி தொடர்ந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் அதைத் தேவையென்றது. ஏழு விநாடி கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்து விழும் அந்தச் சீட்டு, நிரல் பொய் சொன்னாலும் பொய் சொல்லாத சாட்சி. தாம்சனின் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இன்றும் இல்லை. ஆனால் சீட்டில் சின்னம் அச்சாக வேண்டுமே! அதற்காகச் சின்னம் ஏற்றும் கருவி ஒன்று வந்தது. கணினியிலிருந்து வேட்பாளர் பெயரையும் சின்னத்தையும் வாங்கி விவிபாட்டுக்குள் ஏற்றும். கட்சி எதுவென்றே அறியாத இயந்திரத் தொகுப்புக்குள், எந்தப் பொத்தான் யாருடையது என்ற தகவல் முதல்முறையாக நுழைந்தது. தேர்தல் அதிகாரியாகப் பணியாற்றியவரான முன்னாள் ஐ.ஏ.எஸ். கண்ணன் கோபிநாதன் 2019-இல் இதைத்தான் சுட்டிக்காட்டினார். சரியான இடத்தில் வைத்த விரல் அது.

2024 ஏப்ரல் 26 அன்று நீதிபதிகள் சஞ்சீவ் கன்னாவும் திபங்கர் தத்தாவும் அளித்த தீர்ப்பு, காகிதச் சீட்டுக்குத் திரும்பும் கோரிக்கையையும் விவிபாட் சீட்டுகள் அனைத்தையும் எண்ணும் கோரிக்கையையும் மறுத்தது. கூடவே இரண்டு கட்டளைகள். சின்னம் ஏற்றும் கருவியை முத்திரையிட்டு முடிவு வந்தபின் 45 நாள் காக்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர் ஏழு நாளுக்குள் எழுதிக் கேட்டால், ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் ஐந்து சதவீத இயந்திரங்களின் சில்லில் பொறித்த நிரலைச் சோதிக்க வேண்டும். நிரல் சோதனையை வேட்பாளரின் உரிமையாக்கிய தீர்ப்பு என்பதால் இதை வரவேற்கிறேன். ஆனால் சோதிப்பவர்கள் அதைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்களே. செய்தவனையே நம்பாத முறையில் தொடங்கிய இயந்திரம், கடைசிப் படியில் செய்தவனிடமே சான்று கேட்கிறது.

இனி இரண்டாவது கேள்வி. எண்ண வேண்டும், ஆனால் அறியக் கூடாது.

சாவடியில் இரண்டு பதிவுகள் உண்டாகின்றன. ஒன்று 17ஏ பதிவேடு: யார் வந்தார், எத்தனையாவதாக வந்தார், கையெழுத்து. மற்றது இயந்திரத்தின் நினைவகம். 2010 ஆய்வுக்குழு சொன்ன இன்னொரு செய்தி இது: அவர்கள் ஆராய்ந்த இயந்திரம் வாக்குகளை விழுந்த வரிசையிலேயே நினைவகத்தில் வைத்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யார் யாருக்குப் போட்டார் என்று தெரிந்துவிடும். தனித்தனியே இருக்கும்வரை இரண்டிலும் தீங்கில்லை. அதனால்தான் 17ஏ பதிவேட்டை முத்திரையிட்டு வைக்கிறார்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பிரிக்க முடியாது. நவல்பட்டு எல்காட் பூங்காவில் இன்று ஒரு செயலியின் பயன்பாட்டுக் கணக்கைத் தொகுக்கும் இளைஞருக்கும் இதே ஆபத்துதான். பெயரில்லாத நிகழ்வுப் பதிவு ஒரு பக்கம், பயனர் பட்டியல் இன்னொரு பக்கம். நேரமும் வரிசையும் இரண்டிலும் இருந்தால், பெயரை நீக்கியதால் ஒரு பயனும் இல்லை.

அடுத்தது எண்ணிக்கையின் அளவு. வாக்குச்சீட்டு நாள்களில், தேர்தல் ஆணையம் உத்தரவிட்டால், பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கொட்டிக் கலந்து எண்ண விதி இருந்தது. இயந்திரம் வந்தபின் ஒவ்வொரு சாவடியின் முடிவும் தனித்தனியே தெரிகிறது. படிவம் 20-இல் அச்சாகிறது. ஆயிரம் பேர் வாக்களிக்கும் நகரச் சாவடியில் அதனால் பெரிய கெடுதல் இல்லை. மலையில் ஒரு சாவடி என்பது பெரும்பாலும் சில குக்கிராமங்கள்; உறவும் பங்காளியுமாக எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். இந்த ஊர் எனக்குப் போடவில்லை என்று வென்றவருக்குத் துல்லியமாகத் தெரியும். சாலை கேட்டு, பள்ளிக்கு ஆசிரியர் கேட்டு அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். இந்தக் கணக்கை அதன் கடைக்கோடி வரை கொண்டுபோனால், குஜராத்தின் கிர் காட்டில் உள்ள பானேஜுக்கு வரும். பல தேர்தல்களில் ஒரே ஒரு வாக்காளருக்காக அங்கே சாவடி போட்டிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் வாக்களிக்கும் இடத்தில் சாவடிவாரி முடிவுக்கும் அவருடைய வாக்குக்கும் என்ன வேறுபாடு?

புள்ளியியல் இதற்கு வெகுகாலம் முன்பே வழி சொன்னது. 1965-இல் ஸ்டான்லி வார்னர் என்ற அமெரிக்கர், கூச்சமான கேள்விகளுக்கு விடை வாங்க ஒரு முறை வகுத்தார். அதன் எளிய வடிவம் ஒன்று இது. பதில் சொல்பவர் மறைவாக நாணயம் சுண்டுவார். தலை விழுந்தால் உண்மையைச் சொல்வார். பூ விழுந்தால் உண்மை எதுவானாலும் 'ஆம்' என்பார். தனி ஒருவரின் 'ஆம்' எதையும் நிறுவாது. ஆயிரம் பேரிடம் கேட்டு 600 'ஆம்' வந்தால், அதில் சுமார் 500 நாணயம் சொன்னவை. உண்மை சொன்ன மீதி 500 பேரில் 100, அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் என்று கணக்கிட்டுவிடலாம். இந்தத் துறையில் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் அரிஜித் சவுத்ரியும் ராகுல் முகர்ஜியும் 1988-இல் எழுதிய நூல் அறிஞர்கள் இன்றும் எடுத்துப் பார்ப்பது. 2006-இல் சிந்தியா டுவொர்க்கும் கூட்டாளிகளும் இந்த எண்ணத்துக்குக் கறாரான கணித வரையறை தந்தார்கள். 2014-இல் கூகுளும் 2016-இல் ஆப்பிளும் தங்கள் பயனர் கணக்கெடுப்பில் இதைக் கொண்டுவந்தன. 2017-இல் ஹென்றி கொரிகன்-கிப்ஸும் டான் போனேயும் முன்வைத்த முறையில், ஒவ்வொரு பதிலையும் பொருளற்ற துண்டுகளாக உடைத்துத் தனித்தனிச் சேவையகங்களுக்கு அனுப்புவார்கள். கூட்டுத்தொகை மட்டுமே ஒன்றுசேரும், தனிப்பதில் எந்த இடத்திலும் உருப்பெறாது. அதே 2017-இன் ஆகஸ்ட் 24 அன்றுதான் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள்.

வாக்குக்கு நாணயம் சுண்ட முடியாது. எண்ணிக்கை துல்லியமாக இருந்தாக வேண்டும். அங்கே பொருந்துவது இன்னும் எளிய வழி: சிறு எண்ணிக்கைகளைச் சேர்த்துக் கூட்டியபின் மட்டும் வெளியிடுவது. அதற்கான கருவியை நம் பொறியாளர்களே செய்துவிட்டார்கள். டோட்டலைசர் என்று பெயர். 14 கட்டுப்பாட்டுக் கருவிகளை அதில் ஒருசேர இணைத்தால், 14 சாவடிகளின் மொத்தத்தை மட்டும் காட்டும். பச்சைமலைச் சாவடிகள் அடிவாரத்துச் சாவடிகளோடு கலந்துவிடும். எந்த ஊர் எப்படிப் போட்டது என்று எவருக்கும் தெரியாது. தேர்தல் ஆணையம் 2008 நவம்பரிலேயே இதைக் கேட்டது. சட்ட ஆணையம் 2015 மார்ச்சில் தன் 255-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. சாவடிவாரி முடிவு தெரிந்தால்தான் எங்கே உழைக்க வேண்டும் என்று கட்சிகளுக்குத் தெரியும் என்பது சொல்லப்பட்ட வாதங்களில் ஒன்று. மலைக்காரனின் ரகசியத்தைவிடக் கட்சியின் வசதி பெரிதாகிவிட்டது.

இதற்குப் புதிய சில்லு வேண்டாம், புதிய நிரல் வேண்டாம். 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளை மத்திய அரசு திருத்தினால் போதும். நிரல் சோதனையை வெளியார் கையில் கொடுப்பதும் டோட்டலைசரை வாக்கு எண்ணும் மையங்களுக்குக் கொண்டுவருவதும் இந்த இயந்திரத்துக்கு நாம் பாக்கி வைத்திருக்கும் இரண்டு வேலைகள். அடுத்த முறை உங்கள் தொகுதி வேட்பாளர் வாசலுக்கு வரும்போது, டோட்டலைசர் பற்றி அவருடைய கட்சியின் நிலை என்ன என்று கேளுங்கள்.

(தொடரும்)